சார்ந்தோர் விவரம்

வால்பரைசோவில் அன்று மழை இல்லை,
மழைக்கு முன்னால் வரும் புழுக்கம் மட்டும்.
கடற்படை ஓய்வூதியப் பிரிவில்
என் மேசைக்கு எதிரே, நாற்காலியின் விளிம்பில்
டாக்டர் ஃப்ரெசியா ஆல்டமிரானோ, கேப்டன்.
தொப்பியை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்,
யாரோ அதில் காசு போடப்போவதுபோல.

முப்பத்தொரு ஆண்டுகள்.
நான் வாசிக்க வேண்டும், அவர் தலையசைக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

தல்காவானோ மருத்துவமனை, இரண்டு ஆண்டு. ஆம்.
தீவுகளைச் சுற்றும் மருத்துவக் கப்பல், ஒன்பது ஆண்டு. ஆம்.
பிடுங்கிய பற்களுக்குக் கணக்கில்லை என்றார், நான் கேட்காமலே.
ஒரு தீவில் கடைவாய்ப் பல்லுக்குக் கூலியாக
உயிருள்ள ஆட்டைப் படகில் ஏற்றிவிட்டார்களாம்;
அது மாலுமிகளின் கம்பளிச் சட்டை இரண்டைத் தின்றுவிட்டதாம்.
பனிக்கண்டத் தளம், ஒரு குளிர்காலம். ஆம்.
அங்கே தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டது
கோப்பில் இல்லை.
"மூச்சுப் பட்டு கண்ணாடி மங்கி மங்கி..."
என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

பதக்கம். எண்பத்தொன்பது, ஜூலை.
பேனாஸ் வளைகுடாப் புயலில்
கவிழ்ந்த மீன்படகிலிருந்து
உடல் விறைத்த நால்வரைத் தூக்கி
உயிர் திரும்ப வைத்ததற்காக.

தலை அசையவில்லை.

"அந்தப் பயணத்தில் ஐந்து பேர்," என்றார்.
"எஞ்சின் அறையில் ஒரு பையன்.
வயிற்றுவலி என்று இரண்டு தடவை வந்தான்.
புயல் அறிவிப்பு ஒட்டியதும்
பாதிக் கப்பலுக்கு வயிறு வலிக்கும், தெரியுமா.
நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினான்.
'பணிக்குத் தகுதி' முத்திரை
கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது."

இவ்வளவுதான் சொன்னார்.
குடல்வால் வெடித்ததை, மூன்றாம் நாள் விடியலை,
கொடியில் சுற்றிய உடலின் நீளத்தை
நானாகத்தான் நிரப்பிக்கொண்டேன்.
நிரப்புவது என் தொழில்.

விசாரணை நடந்ததா என்றேன்.
நடந்தது. 'கடல் நிலவரம் காரணமாக' என்று முடிந்தது.
கடல் எழுந்து மறுத்துப் பேசாது.

அடுத்த பக்கம்: சார்ந்தோர் விவரம்.
கணவர் இல்லை. பிள்ளை இல்லை.
தாய் இருந்தார், போன ஆண்டு வரை.
குறுக்கே ஒரு கோடு போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.
"எழுதுங்கள்," என்றார்,
மருந்துச் சீட்டுக்குச் சொல்லும் குரலில்.
"நிக்கனோர் வென்ச்சூர். எஞ்சின் அறை, இரண்டாம் நிலை.
வயது பத்தொன்பது."

எழுதினேன். ஏன் எழுதினேன் என்று
என் மேலதிகாரி பிறகு கேட்டார்;
கேப்டன் சொன்னால் எழுத வேண்டும் என்றேன்.

உறவுமுறை கேட்டது கணினி.
அதற்குத் தெரிந்தது கணவர், மனைவி, மகன், மகள், தாய், தந்தை.
அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.
கீழே துறைமுகத்தில் ஒரு கடற்சிங்கம்
மிதவைமேல் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது.
ஏறிவிடுமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நான்காம் முறையும் வழுக்கியது.
"கடைசியில் 'மற்றவர்' என்று ஒன்று இருக்குமே," என்றார்.
இருந்தது.

மருத்துவர் கையெழுத்துப்போல இல்லை அவருடையது;
பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டதுபோல
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து
சாந்தியாகோவிலிருந்து படிவம் திரும்பி வந்தது.
சார்ந்தவரின் பிறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை.
அவர் தற்போது உயிருடன் இருப்பதற்கு
மருத்துவர் ஒருவரின் முத்திரையும் தேவை.

மேசை இழுப்பறையில் சில நாள் கிடந்தது.
பிறகு சிலோயே தீவுக்கு, ஒரு தேவாலயத்துக்கு எழுதினேன்.
பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது:
தாயின் பெயர், ஞானஸ்நான நாள்,
எடை மூன்றரைக் கிலோ என்று யாரோ பென்சிலில்.

முத்திரை கேட்டு
இன்னும் அவருக்கு எழுதவில்லை.